கொரியாவுல ரொம்ப நாளா இருக்கறவங்க இந்த எரிச்சல எப்படி சமாளிக்கிறீங்க? அரசியல், நியூஸ், ஊரு எல்லாம் சேத்துதான் கேக்குறேன்

சுவான்_தமிழன்

எல்லாருக்கும் வணக்கம். சுவான்ல ஈ-7 விசால (திறமையான வேலைக்கு குடுக்கற விசா) வேல பாக்குறேன், வைஃபும் பொண்ணும் கூட இருக்காங்க. அடுத்து எஃப்-2-7க்கு (பாயின்ட் வச்சு குடுக்கற வசிப்பிட விசா) மாறலாம்னு பாயின்ட் கணக்கு போட்டுட்டு இருக்கேன், 170க்கு 80 வேணும், வந்துரும் போலதான் இருக்கு. ஆனா பாயின்ட் சேர சேர இங்க இருக்கணுமாங்கற கேள்வியும் சேந்தே வருது. மனசுல இருக்கறத கொட்டிடுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அரசியல். 2024 டிசம்பர் 3 ராத்திரி ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். இந்த ஊர்ல பனி பெஞ்சா போன் அலறும், ஒரு தாத்தா காணாம போனா அவரோட உயரம், போட்டிருந்த சட்டை கலரு எல்லாம் போட்டு மெசேஜ் வரும். அன்னிக்கு ராத்திரி பத்தரை மணி வாக்குல ஜனாதிபதி டிவில வந்து ராணுவச் சட்டம்னு அறிவிக்கிறாரு, போன்ல ஒரு மெசேஜ் இல்ல. ககாவோடாக் குரூப்ல நம்ம ஆளு ஒருத்தர் போட்டுதான் தெரிஞ்சுது. பாராளுமன்ற வளாகத்துல ஹெலிகாப்டர் எறங்குறத லைவ்ல பாத்துட்டு, நாளைக்கு வேலைக்கு போறதா, பொண்ண ப்ரீஸ்கூலுக்கு அனுப்புறதா, ஏர்போர்ட் தொறந்திருக்குமா, யார்கிட்ட கேக்குறதுன்னு ஒன்னும் புரியல. நாங்களும் இந்த ஊர்லதானங்க குடியிருக்கோம்.

மறுநாள் ஆபீஸ்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. மதியம் சாப்பிடும்போது என் டீம் லீடர்கிட்ட மெதுவா கேட்டேன், "நீங்க கவலப்படாதீங்க, இது எங்க நாட்டு விஷயம்"னு சொல்லிட்டு சூப்ப குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. நல்ல மனுஷன்தான், என்ன சமாதானப்படுத்ததான் சொன்னாரு, ஆனா அந்த "எங்க நாட்டு விஷயம்" இன்னும் உள்ள கெடக்கு. வருமான வரி கட்டுறேன், பென்ஷனுக்கு சம்பளத்துல புடிக்கிறாங்க, ஹெல்த் இன்சூரன்ஸ் 2019லருந்து ஆறு மாசத்துக்கு மேல இருக்கற வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் கட்டாயம், அதுலயெல்லாம் நானும் உண்டு. ஆனா குடிவரவு சட்டம் 17வது பிரிவுல வெளிநாட்டுக்காரன் அரசியல் நடவடிக்கைல ஈடுபடக் கூடாதுன்னு இருக்கு, அதனால ஊர்வலத்துக்கு பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கக்கூட பயமா இருக்கு.

ரெண்டாவது நியூஸ். எவனாவது தப்பு பண்ணா தலைப்புலயே அவன் எந்த நாட்டுக்காரன்னு போடுறாங்க, கீழ கமென்ட்ல மொத்த நாட்டையும் வெரட்டச் சொல்றாங்க. ஒரு பெரிய டிவி சேனல், எம்பிசி, 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவுல உக்ரைன் வீரர்கள் நடந்து வரும்போது செர்னோபில் அணு உலைப் படத்த போட்டுச்சு, அப்புறம் அதோட தலைவரே வந்து மன்னிப்பு கேட்டாரு. ஏன் அத சொல்றேன்னா, அந்த படத்த ஒருத்தர் தேடி எடுத்திருக்காரு, ஒருத்தர் ஓகே பண்ணிருக்காரு, ஒளிபரப்பாகற வரைக்கும் யாருக்கும் உறுத்தல. அந்த உறுத்தாத தன்மைய நான் தெனமும் பாக்குறேன்.

மூணாவது, ஊரு. வாடகைக்கு வீடு தேடினப்ப ப்ரோக்கர் என் கண்ணு முன்னாடியே ஓனருக்கு போன் போட்டு "வேகுகின்" (வெளிநாட்டுக்காரன்) அப்படின்னு சொன்ன அடுத்த செகண்ட் வீடு இல்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் என் பேரு. பாஸ்போர்ட்ல நம்ம பேரு அப்பா பேரோட சேந்து எவ்ளோ நீளம்னு உங்களுக்கு தெரியும். பேங்க்ல இடைவெளி இல்லாம பதிஞ்சிருக்கான், போன் கம்பெனில இடைவெளியோட பதிஞ்சிருக்கான், விசா கார்டுல (வெளிநாட்டவர் பதிவு அட்டை) கடைசி எழுத்துங்க ரெண்டாவது வரிக்கு போயிடுச்சு. ஆன்லைன்ல ட்ரெயின் டிக்கெட்லருந்து ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் ஆள் சரிபார்ப்பு கேக்குறான், மூணும் ஒத்துப் போகலன்னு வெளிய தள்ளுறான். சின்ன விஷயம்தான், ஆனா தெனமும் "நீ இங்க பதிவுல இல்ல"ன்னு ஒரு மிஷின் சொல்லும்போது கடுப்பாகுது.

கேள்வி இதுதான். அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்களுக்கு, பாஷை நல்லா வந்ததுக்கு அப்புறம் இதெல்லாம் கொறஞ்சுதா? ஸ்கூல் போற வயசுல கொழந்தைங்க வச்சிருக்கறவங்க என்ன சொல்றீங்க? உண்மையா சொல்லுங்க.

---

தேஜான்_மலர்

தம்பி, போஸ்ட்-டாக்டரல் ஆராய்ச்சிக்கு வந்து அப்படியே இங்கயே வேலைல ஒட்டிக்கிட்டவ நான். நீங்க சொன்னதுல அரசியல் பகுதிய மட்டும் நான் வேற மாதிரி பாக்குறேன், கோவிச்சுக்காதீங்க.

அந்த ராத்திரி பயம் எனக்கும் இருந்துச்சு. ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா பாருங்க. ரெண்டரை மணி நேரத்துல எம்பிக்கள் செவர் ஏறிக் குதிச்சு உள்ள போயி 190 பேர் ஓட்டுப் போட்டு, எதிர்ப்பு ஒன்னுகூட இல்லாம, அத ரத்து பண்ணாங்க. வெளிய சாதாரண ஜனங்க ராணுவ வண்டிய மறிச்சு நின்னாங்க. 14ம் தேதி பதவி நீக்கத் தீர்மானம் 204 ஓட்டுல பாஸ் ஆச்சு, 2025 ஏப்ரல் 4 அரசியல் சாசன கோர்ட் எட்டு நீதிபதியும் ஒரே குரல்ல ஜனாதிபதி யூன் சுக் இயோல நீக்குனாங்க, ஜூன் 3 தேர்தல் வச்சு லீ ஜே மியுங் வந்தாரு. 2017ல ஜனாதிபதி பார்க் கியுன் ஹேவையும் இதே கோர்ட்தான் நீக்குச்சு. 1980ல குவாங்ஜூல ராணுவம் சுட்டத கண்ணால பாத்த தலமொற இன்னும் உயிரோட இருக்கு, அவங்க பசங்களும் பேரப் பசங்களும்தான் அந்த டிசம்பர் குளிர்ல பாட்டுக் கச்சேரிக்கு வாங்கின லைட் குச்சிய தூக்கிட்டு பாராளுமன்றம் இருக்கற யோய்டோல நின்னாங்க. வர முடியாதவங்க பக்கத்து காபி கடைங்கள்ல முன்பணம் கட்டி, ஊர்வலத்துல வர்றவங்க யார் வேணா வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. எங்க லேப் பொண்ணு ஒருத்தி அப்படி முகம் தெரியாத யாரோ காசு கட்டுன காபிய கைல வச்சுக்கிட்டு அழுததா சொன்னா. எனக்கு அத கேட்டு இந்த ஜனங்க மேல மரியாதை கூடிச்சு, கொறையல.

ஆனா உங்க வலிக்கு வேர் எங்க இருக்குன்னா, தங்களுக்காக இவ்ளோ பண்ற இதே ஜனங்க, பாகுபாடு தடுப்புச் சட்டத்த 2007லருந்து பாராளுமன்றத்துல கொண்டு வந்து கொண்டு வந்து கெடப்புல போட்டுட்டு இருக்காங்க. செவப்புக் கட்சி (பழமைவாதிங்க) எதுக்குது, நீலக் கட்சி (ஜனநாயகக் கட்சி) பயப்படுது, சர்ச்சு ஓட்டு போயிடும்னு. அந்த சட்டம் இல்லாததாலதான் ப்ரோக்கர் உங்க முன்னாடியே "வேகுகின்"னு சொல்லி போன வைக்க முடியுது.

டேகு மசூதி கதைய பாருங்க. க்யோங்புக் யூனிவர்சிட்டி பக்கத்துல முஸ்லிம் மாணவர்கள் சொந்தக் காசுல நெலம் வாங்கி, அனுமதி வாங்கி கட்ட ஆரம்பிச்சாங்க, அக்கம்பக்கத்துல எதுத்தாங்கன்னு 2021 பிப்ரவரில மாவட்ட ஆபீஸ் நிறுத்துச்சு. கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2022 செப்டம்பர்ல மாணவர்கள் ஜெயிச்சாங்க. ஜெயிச்சதுக்கு அப்புறம் வாசல்ல பன்னித் தலைய கொண்டு வந்து வச்சாங்க, பக்கத்துலயே பன்னிக்கறி சுட்டு விருந்து வச்சாங்க. கோர்ட் சரியாதான் இருந்துச்சு, தெருவுலதான் பிரச்சன.

இன்னொன்னும் சொல்றேன். 2021 மார்ச்ல சியோல் மாநகராட்சி வெளிநாட்டுத் தொழிலாளிங்க எல்லாரும் கொரோனா டெஸ்ட் எடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு, இல்லன்னா ஃபைன். ஒரே ஃபேக்டரில பக்கத்து பக்கத்துல நின்னு வேல செய்யற கொரியாக்காரனுக்கு வேண்டாமாம். எத்தனையோ பேர் மனித உரிமை கமிஷனுக்கு புகார் குடுத்தாங்க, தூதரகங்க எதிர்ப்பு சொன்னாங்க, ரெண்டே நாள்ல கட்டாயத்த எடுத்துட்டாங்க. அதனால புலம்பறதோட நிறுத்தாதீங்க, மனித உரிமை கமிஷனோட 1331க்கு புகார் குடுங்க, எழுத்துல குடுங்க. இங்க பேப்பர்ல வந்தாதான் அசைவாங்க.

பாஷை வந்தா கொறையுமான்னா, வீடு தேடறது கொறையும், நியூஸ் கமென்ட் எல்லாம் புரிய ஆரம்பிக்கறதால அந்த வலி கூடும். உண்மைய கேட்டீங்க, சொல்லிட்டேன்.

---

கிம்ஹே_பொடியன்

சுவான் அண்ணைக்கு வணக்கம். நான் இலங்கைத் தமிழ், ஈ-9 எண்ட தொழிலாளர் விசாவில வந்து கிம்ஹேயில வார்ப்பு ஃபக்டரியில வேலை. நீங்கள் எழுதினதை வாசிச்சன், எல்லாம் சரிதான், ஆனா எங்கட பக்கத்தையும் ஒருக்கா சொல்லவேணும் எண்டு நினைச்சன்.

உங்களுக்கு வேலை பிடிக்கேல்லை எண்டா வேறை கொம்பனி பாக்கலாம். எங்களுக்கு மூண்டு வருசத்துக்குள்ள மூண்டு தரம்தான் மாறலாம், அதுக்கும் முதலாளி ஓம் எண்டு சொல்லவேணும், இல்லாட்டி சம்பளம் தரேல்லை, அடிச்சவர் எண்டு நாங்கள்தான் ஆதாரம் காட்டவேணும். 2023 ஒக்டோபருக்குப் பிறகு வந்தவைக்கு மாறுறதெண்டாலும் அதே வட்டாரத்துக்குள்ளதான். இது நியாயமில்லை எண்டு வழக்குப் போட்டு 2021 டிசம்பரில அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் சரி எண்டு சொல்லிட்டுது. மலர் அக்கா கோர்ட்டைப் பற்றி நல்லாச் சொன்னா, ஆனா அதே கோர்ட் எங்களுக்கு இப்பிடித்தான் சொன்னது. மனுசியையும் பிள்ளையையும் கூப்பிடவும் ஏலாது இந்த விசாவில.

நாஜுவில செங்கல் ஃபக்டரியில எங்கட நாட்டுப் பொடியன் ஒருத்தனைப் பிளாஸ்ரிக்கால செங்கலோட சேர்த்துச் சுத்தி ஃபோர்க்லிஃப்ட்டில தூக்கின வீடியோ 2025 ஜூலையில வெளிய வந்தது எல்லாருக்கும் தெரியும். அது நடந்தது பெப்ரவரியில. இடையில அஞ்சு மாசம் அவன் அதே இடத்திலதான் வேலை செய்திருக்கிறான், ஏனெண்டா எங்க போறது? ஜனாதிபதி லீ ஜே மியுங் தானே எழுதினார் மனித உரிமை மீறல் எண்டு, டிவி எல்லாத்திலயும் ஓடினது. வீடியோ இல்லாட்டி?

மீடியாவைப் பற்றிச் சொன்னியள். 2018 ஒக்டோபரில கோயாங்கில பெற்றோல் ராங்க் எரிஞ்சது, எங்கட ஆள் ஒருத்தர் ஆகாயவிளக்கு ஒண்டைப் பறக்க விட்டவர், அது விழுந்துதான் பத்தினது எண்டு பிடிச்சவங்கள். அண்டைக்கே நாடு, வயசு எல்லாம் நியூஸில. பொலிஸ் விசாரணையில நூறு தரத்துக்கு மேல பொய் சொல்லுறாய் எண்டு அவரைக் கேட்டு நெருக்கினதா மனித உரிமை ஆணைக்குழு பிறகு சொன்னது. ஆனா அதே நேரம் சனம், கொரியாச் சனம், ஒரு விளக்கால எரியிற அளவுக்கு அந்த இடத்தைக் காவல் இல்லாம வைச்சிருந்தது ஆர் எண்டு கேட்டு அவருக்காக மனு போட்டது. பிடியாணை கேட்டதை வழக்குத்தொடுநரே திருப்பி அனுப்பிட்டார். அதுக்கு முதல் வருசம் குன்வியில தீ பிடிச்ச வீட்டுக்குள்ள பாய்ஞ்சு ஒரு கிழவியைக் காப்பாத்தினவர் இன்னொரு இலங்கையர், விசா இல்லாம இருந்தவர், அவருக்கு 2018 டிசம்பரில நிரந்தர வதிவிடம் குடுத்தவை. நான் யோசிக்கிறது என்னெண்டா, எங்களில ஒருத்தன் நெருப்பை மூட்டினாலும் அணைச்சாலும்தான் எங்களைத் தெரியுது, சும்மா பன்னிரண்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்து போட்டுப் படுக்கிறவனை ஒரு பேப்பரும் காணாது. 2024 ஜூனில ஹ்வாசோங் பற்றரி ஃபக்டரி எரிஞ்சு 23 பேர் செத்தவை, அதில 18 பேர் வெளிநாட்டாக்கள். அதுகளின்ர பேரை எத்தினை பேர் வாசிச்சிருப்பினம்.

நான் ஈ-7-4க்கு, ஈ-9காரர் மாறக்கூடிய திறமைத் தொழிலாளர் விசாவுக்கு, பாயிண்ட் சேர்க்கிறன். கிடைச்சா குடும்பத்தைக் கூப்பிடலாம். எனக்கு இந்த நாடு வேணும் அண்ணை, அதாலதான் கோவம் வருது.

---

சியோல்வாசி77

எல்லாரும் ஒன்னு கவனிங்க, முக்கியம். இந்த த்ரெட்ல யாரும் கம்பெனி பேரு, ஓனர் பேரு போட்டுறாதீங்க. இங்க உண்மைய சொன்னாலும் அவதூறு கிரிமினல் கேஸ்தான், குற்றவியல் சட்டம் 307. உண்மையா இருந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 50 லட்சம் வொன் வரைக்கும் ஃபைன், பொய்யா இருந்தா அஞ்சு வருஷம் வரைக்கும். நெட்ல போட்டா அதுக்கு தனிச் சட்டம், இன்னும் கடுமை. "பொது நன்மைக்காக சொன்னேன்"னு வாதாடலாம், ஆனா அத நீங்கதான் கோர்ட்ல நின்னு வாதாடணும். 2021ல இந்த சட்டத்த எதுத்து போட்ட கேஸ்ல அஞ்சுக்கு நாலுன்னு சட்டம் தப்பிச்சிருச்சு. பிரிஞ்சு போனதுக்கு அப்புறம் கொழந்தைக்கு பணம் குடுக்காத அப்பாங்க போட்டோவ போட்டுட்டு இருந்த ஒரு சைட்டு நடத்துனவரையே 2024ல சுப்ரீம் கோர்ட் குற்றவாளின்னுடுச்சு.

நான் மீடியா மேல கோவப்படறதுக்கும் பெரிய காரணம் இதுதான். சம்பள பாக்கி வச்சவன் பேரு வெளிய வராது, பாக்கி கேட்டு சண்ட போட்டவன் எந்த நாட்டுக்காரன்னு வரும்.

நியூஸ் படிக்கறதுன்னா நேவர் (கொரியாவோட பெரிய தேடல் சைட்டு) முதல் பக்கத்தோட நிக்காதீங்க. சோசன், ஜுங்ஆங், டோங்கா மூணு பேப்பரும் பழமைவாதப் பக்கம், ஹான்க்யோரே எதிர்ப்பக்கம், அது 1988ல ஜனங்க பங்கு போட்டு ஆரம்பிச்ச பேப்பர். ஒரே விஷயத்த ரெண்டு பக்கமும் படிச்சா என்ன மறைக்கிறாங்கன்னு தெரியும். யூட்யூப் அரசியல் சேனல் பக்கமே போகாதீங்க. 2025 ஜனவரில சியோல் மேற்கு மாவட்ட கோர்ட்டுக்குள்ள யூன் ஆதரவு கும்பல் பூந்து கண்ணாடிய ஒடச்சாங்களே, அதையே சில பேரு லைவ் ஓட்டிட்டு இருந்தாங்க.

---

சுவான்_தமிழன்

மலர் அக்கா, நீங்க சொன்ன காபி கடை விஷயம் எனக்கு தெரியாது, படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஆனா அக்கா, அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. இவ்ளோ பெரிய மனசு இருக்கற ஜனங்க அந்த வட்டத்த இன்னும் ஒரு அடி பெருசா போட்டா நாமளும் உள்ள வந்துருவோமே.

கிம்ஹே தம்பி, நீங்க எழுதினத வைஃபுக்கும் படிச்சு காட்டினேன். கம்பெனி மாறுற உரிமை கூட இல்லாம இருக்கறது வேற லெவல் கஷ்டம். ஈ-7-4க்கு கொரியன் மார்க் வேணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கெழம ஆன்லைன்ல உக்காந்து சொல்லித் தர நான் ரெடி, சும்மா சொல்லல, மெசேஜ் போடுங்க.

ஸ்கூல் பத்தி யாராவது சொல்லுங்களேன். பொண்ணு அடுத்த வருஷம் ஒன்னாவது போறா.

---

பூசான்_மருமக

நான் சொல்றேன் அண்ணா. கொரியாக்காரர கல்யாணம் பண்ணிக்கிட்டு பூசான்ல இருக்கேன், பையன் ரெண்டாவது படிக்கிறான். அவன் பொறந்தது இங்க, பாஸ்போர்ட் இந்த ஊரு, கொரியன்தான் மொதல் பாஷை, என்கூட தமிழ்ல சண்ட போடுவான். ஆனா ஸ்கூல்ல அவன "தாமுன்ஹ்வா" (பல கலாச்சாரக் குடும்பம்) கொழந்தைன்னு ஒரு லிஸ்ட்ல வச்சிருக்காங்க, தனியா கூப்ட்டு கொரியன் க்ளாஸ் வைக்கிறேன்னாங்க. உதவி பண்ணணும்னுதான் ஆரம்பிச்சிருக்காங்க, ஆனா க்ளாஸ் நடுவுல பேரச் சொல்லி எழுப்பி அனுப்பும்போது மத்த பசங்க முன்னாடி அவனுக்கு எப்படி இருக்கும்? நானும் என் வீட்டுக்காரரும் போயி டீச்சர்கிட்ட பேசினோம். நான் மட்டும் போனப்ப சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க, அவர் வந்தப்ப நோட்டு எடுத்து எழுதிக்கிட்டாங்க. அது எனக்கு இன்னும் ஆறல. ஆனா அடுத்த வாரத்துலருந்து கூப்பிடல. டீச்சர் அதுக்கப்புறம் ரொம்ப தன்மையாவே இருக்காங்க, பையனுக்கு நெறைய ஃப்ரெண்ட்ஸ். 2024ல ஒரு பொண்ணுக்கு சராசரியா 0.75 கொழந்தைன்னு பிறப்பு விகிதம் இருந்த நாட்டுல ஒவ்வொரு க்ளாஸும் காலியாகிட்டு வருது, நம்ம பசங்கள உக்கார வச்சுதான் பல ஸ்கூல மூடாம ஓட்டுறாங்க, அதனால தயங்காம கேளுங்க, உங்க பொண்ணுக்கு என்ன வேணும் என்ன வேணாம்னு முதல் நாளே சொல்லிடுங்க.

ஓட்டு பத்தி யாருமே சொல்லல. எஃப்-5 (நிரந்தர வசிப்பிட விசா) வாங்கி மூணு வருஷம் ஆயிட்டா உள்ளாட்சி தேர்தல்ல ஓட்டு உண்டு, 2006லருந்து இருக்கு. ஜனாதிபதிக்கும் எம்பிக்கும் கெடையாது, ஆனா மேயருக்கும் கல்வி ஆணையருக்கும் போடலாம், ஸ்கூல் விஷயம் எல்லாம் அந்த கல்வி ஆணையர் கைலதான். எஃப்-2-7 உங்களுக்கு அதுக்கு ஒரு படி. எனக்கு எஃப்-5 வந்து மூணு வருஷம் ஆச்சு, நோட்டீஸ் வீட்டுக்கு வந்துச்சு என் பேரு போட்டு. மாமியாரும் நானும் சேந்துதான் போனோம், அவங்க செவப்பு, நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் உங்க பேரு பிரச்சனைக்கு: விசா கார்டுல எப்படி இருக்கோ அதுதான் மூலம், அத மாத்தாதீங்க. கார்ட எடுத்துட்டு நேரா போன் கம்பெனி கடைக்கு போயி, எழுத்து எழுத்தா காமிச்சு, இடைவெளி உட்பட அப்படியே மாத்தச் சொல்லுங்க. கஸ்டமர் கேருக்கு போன் போடாதீங்க, நேர்ல போங்க. அது மாறின ப்ரிண்ட் கைல வாங்கிட்டு பேங்க்குக்கு போயி அதே மாதிரி மாத்துங்க. அப்புறம் பாஸ்ங்கற ஆள் சரிபார்ப்பு ஆப்ப அழிச்சிட்டு புதுசா போட்டு பதிவு பண்ணுங்க, எனக்கு அதுக்கப்புறம் ட்ரெயின் டிக்கெட், ஆஸ்பத்திரி ரெண்டும் சரியாயிடுச்சு. சில சைட்டு இன்னும் ஏத்துக்காது, அங்க வெளிநாட்டவர் பதிவுன்னு தனி பட்டன் கீழ சின்னதா இருக்கும், அதுல பேர பெரிய எழுத்துல, குடும்பப் பேரு மொதல்ல போட்டு பாருங்க.